குழாய்க்குள் ஸ்பீக்கர் இல்லை

மட்டக்களப்பில் "ஓர்கன்" என்று சொன்னால், கல்யாண வீட்டு மேடையில் இரும்புக் கால்களின் மேல் வைத்து, வயர் செருகி வாசிக்கும் கறுப்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும். கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசிப்பதும் இப்போது அதைத்தான். ஆகவே அக்காவின் மகன் கேட்ட கேள்வியில் பிழையொன்றும் இல்லை.

2024 டிசம்பர். 2019இல் தீப்பிடித்து எரிந்த பாரிஸ் நோத்ர டாம் பேராலயம் மீண்டும் திறக்கப்படுவதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேராயர் நிமிர்ந்து பார்த்து, "ஓர்கனே, விழித்தெழு" என்று அழைத்தார். வாசலுக்கு மேலே மாடத்தில் நின்ற குழாய்க் கூட்டம் பதில் சொன்னது. மறுபடியும் அழைத்தார், மறுபடியும் பதில். இப்படி எட்டுத் தடவை. பன்னிரண்டு வயதுக்காரன் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, அந்தக் குழாய் எல்லாவற்றுக்குள்ளும் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்களா?"

இல்லை. அங்கே ஏறத்தாழ 8,000 குழாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்குள்ளும் ஸ்பீக்கர் கிடையாது. உள்ளே இருப்பது வெறும் காற்று. இந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. அன்றிரவும் அதற்கடுத்த பல மாலைகளிலும் அவனுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெற்றுச் சோடாப் போத்தலை எடுத்துக்கொள்ளலாம். வாயின் விளிம்புக்குக் குறுக்காக மெல்ல ஊதினால் "பூ" என்று ஒரு சத்தம் வரும். உதட்டிலிருந்து போகும் காற்று மெல்லிய தகடு போல விளிம்பில் மோதுகிறது. மோதிய தகடு ஒரு கணம் போத்தலுக்குள் வளைகிறது, மறுகணம் வெளியே வளைகிறது. எத்தனை வேகத்தில் அது இப்படி ஆடவேண்டும் என்பதைப் போத்தலுக்குள் அடைபட்ட காற்றே தீர்மானிக்கிறது. பாதிக்குத் தண்ணீர் ஊற்றி ஊதிப் பாருங்கள், சுருதி ஏறும். புல்லாங்குழலின் கதையும் இதுதான். குழாய் ஓர்கனில் பெரும்பாலான குழாய்கள் இந்தச் சாதிதான். அடிப்பக்கத்தில் ஒரு வாய், அதற்கு மேலே ஓர் உதடு, உதட்டில் மோதும் காற்று. ஊதுவதற்கு மட்டும் மனிதன் இல்லை.

இன்னொரு சாதியும் உண்டு. பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கிப் பீப்பி ஊதியவர்களுக்கு அது தெரியும். அங்கே காற்று விளிம்பில் மோதுவதில்லை. நசுக்கிய இலையே துடித்துக் காற்றை வெட்டி வெட்டி அனுப்புகிறது. நாதஸ்வரக்காரர் வாயில் வைக்கும் சீவாளி செய்வதும் அதே வேலை. ஓர்கனில் சீவாளிக்குப் பதிலாகப் பித்தளையில் ஒரு நாக்கு இருக்கும். நாக்குத் துடிக்க, அதன் மேல் நிற்கும் குழாய் அந்தத் துடிப்புக்கு உடலும் குரலும் கொடுக்கும். எக்காளம் போல முழங்குபவை இவை. ஆக, உலகத்தின் மிகப் பெரிய வாத்தியம் என்று சொல்லப்படுவது அடிப்படையில் போத்தலும் பீப்பியும்தான். இதைச் சொன்னபோது மருமகன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

குழாய் நீண்டால் சுருதி இறங்கும். பாதியாக வெட்டினால் ஒரு முழு ஸ்தாயி ஏறும். காரைதீவில் பிறந்து மட்டக்களப்பில் படித்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழர் யாழின் நரம்புகளுக்குக் கணக்குப் போட்டாரே, அதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஓர்கன்காரர்கள் இதை அடியில் அளக்கிறார்கள். மேலே திறந்த எட்டடிக் குழாய் ஆண் குரலின் ஆழத்துக்கு இறங்கும். பதினாறடி அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. முப்பத்திரண்டடிக் குழாய் மூன்று மாடி வீட்டின் உயரம் வரும். அதன் துடிப்பு ஒரு வினாடிக்கு 16 தடவைதான். அது காதில் கேட்பதைவிட உட்கார்ந்திருக்கும் வாங்கில் உணரப்படுவதே அதிகம். மறுமுனையில், பென்சிலை விடச் சின்னக் குழாய்களும் உண்டு. குழாயின் மேல்வாயை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே சுருதியைப் பெறலாம் என்பது ஒரு பழைய தந்திரம். இடமும் ஈயமும் மிச்சமாகும். ஆனால் குரல் கொஞ்சம் மூக்கடைத்தது போல மாறிவிடும்.

ஒரு குழாய்க்கு ஒரே சுரம்தான். புல்லாங்குழல் போலத் துளைகளை மூடித் திறந்து பல சுரம் வாசிக்க இதில் வழியில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழாய் வேண்டும். "நாலு கட்டையில் பாடுகிறார்" என்று நாம் சொல்லும் கட்டையும் இந்தக் கட்டைதான், ஆர்மோனியத்தின் வழியாக நம் பேச்சுக்குள் வந்தது. ஒரு வரிசைக் கட்டைகளுக்கு ஒரு வரிசைக் குழாய். ஆனால் ஒரே குரலில் எவ்வளவு நேரம் பாடுவது? புல்லாங்குழல் போல மென்மையாக ஒரு வரிசை, எக்காளம் போல ஒரு வரிசை, கூர்மையாக ஒன்று, கனமாக ஒன்று என்று வரிசைகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறுவது இதனால்தான்.

அத்தனை வரிசையும் ஒரே கட்டையோடு தொடுக்கப்பட்டிருந்தால், கட்டையை அமுக்கியதும் எல்லாம் சேர்ந்து கத்துமே? பழைய ஓர்கன்களில் அப்படித்தான் கத்தின. வேண்டாத வரிசையை நிறுத்திவைக்கும் உபாயம் பிறகுதான் வந்தது. அதை நம் ஊர் ஆளுக்கு விளக்குவது சுலபம். மழைத் தண்ணீர் குளத்தில் சேர்கிறது. துருசைத் திறந்தால் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும், உங்கள் வயலின் மடையை வெட்டினால்தான் வயலுக்குள் பாயும். இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஓர்கனில் துருத்திதான் மழை. காற்றுப் பெட்டிதான் குளம். வாசிப்பவரின் இரு கைப்பக்கமும் இருக்கும் இழுப்புப் பிடிகள் துருசுகள். ஒரு பிடியை இழுத்தால், துளையிட்ட மரச் சட்டம் ஒன்று நகர்ந்து, அதன் துளைகள் ஒரு வரிசைக் குழாய்களின் காலுக்கு நேராக வந்து நிற்கும். கட்டை என்பது மடை. அமுக்கினால் அடியில் ஒரு தட்டுத் திறக்கும், காற்றுப் பாயும். விரலை எடுத்தால் தட்டு மூடும், சத்தம் அறுந்துவிடும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விவசாயம் செய்யும் என் சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் பாட்டுக்காரர் வட்டவிதானை வேலைதானே பார்க்கிறார்" என்றார். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையாரை இதைவிடக் கௌரவமாக யாரும் புகழ்ந்திருக்க மாட்டார்கள்.

இனிக் காற்று. ஓர்கன் முழங்கும்போது, பெரும் புயலையே குழாய்களுக்குள் அனுப்புகிறார்கள் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் தெரியும்தானே? ஓர்கன் செய்பவர்களும் அதே மாதிரி வளைந்த ஒரு குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கத்தில் காற்றைக் கொடுத்து, மறுபக்கத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். பல பழைய ஓர்கன்களில் அது 60 முதல் 100 மில்லிமீற்றர் வரைதான். ஒரு பிள்ளை பலூன் ஊதும்போது கொடுக்கும் அமுக்கம் இதைவிட அதிகம். அமுக்கம் எவ்வளவு என்பதை விட, அது அசையாமல் நிற்பதுதான் முக்கியம். அமுக்கம் சற்றே ஆடினாலும் சுருதி தள்ளாடும்.

அமுக்கத்தை அசையாமல் நிறுத்துவது எப்படி என்று முதலில் கண்டுபிடித்தவர் பாதிரியார் அல்லர், இசைக்காரரும் அல்லர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ் என்ற இயந்திர வித்தகர், நாவிதர் ஒருவரின் மகன். பம்பினால் காற்றை அடித்து, தண்ணீருக்குள் கவிழ்த்த ஒரு பாத்திரத்தில் சேர்த்தார். பம்பு நின்று நின்று அடித்தாலும் தண்ணீரின் பாரம் காற்றை ஒரே சீராக அமுக்கி வெளியே அனுப்பியது. நீர் ஓர்கன் என்று அதற்குப் பெயர் வந்தது. மீன்பாடும் தேன்நாட்டுக்காரர்களான நமக்கு, தண்ணீரிலிருந்து வாத்தியம் பிறந்த கதை பிடிக்காமல் போகாது.

உரோமர்கள் அதை எடுத்துக்கொண்டு போனது கோயிலுக்கு அல்ல, களியாட்ட அரங்குகளுக்கு. வாள் வீரர்கள் மோதும் இடங்களிலும் ஓர்கன் முழங்கியது. ஹங்கேரியின் புடாபெஸ்டில் 1931இல் தோண்டி எடுக்கப்பட்ட ஓர் உரோம ஓர்கனில் கி.பி. 228 என்ற ஆண்டைக் குறிக்கும் வெண்கலத் தகடு இருந்தது. 757இல் கொன்ஸ்தாந்திநோபிளின் பேரரசர், பிராங்க் அரசர் பெப்பினுக்கு ஓர் ஓர்கனைப் பரிசாக அனுப்பினார். அதற்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவில் அது மெல்ல மெல்ல ஆலயங்களுக்குள் புகுந்தது. வாள் வீரர்களுக்கு வாசித்த வாத்தியம் நற்கருணைக்கு வாசிக்கும் வாத்தியமாக மாறியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். நம் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு மெட்டில் பாடல் வந்தால் முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு இந்த வரலாற்றை யாராவது சொல்லலாம்.

மின்சாரம் வரும்வரை துருத்தியை மிதிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆலயத்தில் எழுபது பேர் துருத்தி அடித்தார்கள் என்று அக்காலக் கவிதை ஒன்று சொல்கிறது. கவிஞர்கள் எண்ணுவதில் தாராளமானவர்கள். பாதியைக் கழித்தாலும் வியர்வை மிச்சம். வாசித்தவர்களின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது, மிதித்தவர்களின் பெயரை வைத்திருக்கவில்லை.

நம் பக்கம் வருவோம். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோது, அவர்களின் சொந்த நாட்டில் ஓர்கன் ஒரு சண்டைப் பொருளாக இருந்தது. 1574இல் கூடிய அவர்களின் திருச்சபைச் சங்கம் ஆலயத்தில் ஓர்கன் வாசிப்பதைத் தடை செய்தது. ஆனால் உடைக்க முடியவில்லை, ஏனென்றால் ஓர்கன்கள் நகரசபையின் சொத்து. அம்ஸ்டர்டாமின் பழைய ஆலயத்தில் 1621இல் இறக்கும் வரை ஸ்வீலிங் என்ற பெரும் இசைஞர் நகரசபையின் சம்பளத்துக்கு, ஆராதனை நேரத்துக்கு வெளியே வாசித்தார். 1641இல் கொன்ஸ்தாந்தைன் ஹொய்கன்ஸ் என்ற அறிஞர், சபையார் சங்கீதம் பாடும்போது ஓர்கனும் சேர்ந்து வாசிக்கட்டும் என்று ஒரு நூலே எழுதி வாதாட வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் மனம் இளகியது. காலிக் கோட்டையில் 1755இல் எழுந்த ஒல்லாந்தர் ஆலயத்தின் ஓர்கன் 1760ஆம் ஆண்டுக்குரியது என்று குறிப்பிடப்படுகிறது.

ஆனால் இந்தக் கட்டுரையில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது காலியும் அல்ல, பாரிஸும் அல்ல. பிலிப்பைன்ஸ்.

மணிலாவுக்குப் பக்கத்தில் லாஸ் பின்யாஸ் என்று ஓர் ஊர். இப்போது நகரம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் உப்பு விளைவித்து, மீன் பிடித்து வாழ்ந்த கடலோரக் கிராமம். நம் கரையோரக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொண்டால் சரி. அங்கே பங்குத் தந்தையாக இருந்தவர் தியேகோ சேரா என்ற ஸ்பானியர். கல்லில் ஒரு கோயில் கட்டினார், புனித சூசையப்பர் கோயில். பிறகு அதற்கு ஓர் ஓர்கன் வேண்டும் என்று நினைத்தார். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைப்பதென்றால் பெரும் பணம். வந்தாலும் அந்த வெக்கையில் நிலைக்குமா? சேரா பக்கத்துக் காட்டைப் பார்த்தார். அங்கே இயற்கையாகவே குழாயாக வளர்ந்த ஒன்று நின்றது.

1816இல் மூங்கிலை வெட்டினார்கள். வெட்டியதும் குழாய் செய்யத் தொடங்கவில்லை. கடற்கரை மணலில் புதைத்தார்கள். பல மாதங்கள் அப்படியே கிடந்தது. பூச்சி அரிக்கக்கூடியது அரித்துப் போகட்டும், உக்கக்கூடியது உக்கிப் போகட்டும், மிச்சம் தேறுவதுதான் வாத்தியத்துக்கு. கிடுகு பின்னும் முன் தென்னோலையை வாவியில் ஊறப்போடும் நம் ஆட்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. காத்திருக்கத் தெரிந்தவர்தான் வெக்கையான ஊரில் ஓர்கன் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். அவசரக்காரர் தேக்கில் கதிரை செய்துவிட்டுப் போகட்டும்.

மூங்கிலில் இன்னொரு சிக்கல். ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டை வேண்டிய அகலத்துக்கு உருட்டலாம். மூங்கில் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. ஒன்றின் உள்வட்டம் மற்றொன்றுக்கு இல்லை, நடுநடுவே கணு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்து, வாய் வெட்டி, ஊதிப் பார்த்து, நீளம் குறைத்துச் சுருதி சேர்க்க வேண்டும். 1821இல் ஓர்கன் வாசிக்கும் நிலைக்கு வந்தது. ஆனால் எக்காளக் குழாய்கள் மட்டும் இன்னும் இல்லை. நாக்கு வைத்த அந்தச் சாதிக்கு மேலே விரிந்துகொண்டு போகும் கூம்பு வடிவம் வேண்டும். மூங்கில் அதற்கு வளையவில்லை. கடைசியில் சேரா அவற்றை உலோகத்தில் செய்தார். 1824இல் வேலை முடிந்தது. மொத்தம் 1,031 குழாய்கள். 902 மூங்கில், 129 உலோகம். எக்காளங்கள் ஸ்பானிய வழக்கப்படி பீரங்கி வரிசை போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் ஊதி, பறவைகள் கூவுவது போலச் சத்தம் எழுப்பும் சின்னக் குழாய்களும் உண்டு. வழிபாட்டுக்கு அது அவசியமா என்று கேட்டால், அவசியமில்லை. எட்டு ஆண்டு உழைத்த மனிதருக்கு அந்தக் குறும்பு கூடக் கிடைக்காவிட்டால் எப்படி?

சேரா 1832இல் இறந்தார். அதன் பிறகு நடந்ததுதான் எந்த ஓர்கனுக்கும் வெக்கை நாட்டில் நடப்பது. நிலநடுக்கம் வந்தது, சூறாவளி வந்தது, கூரை ஒழுகியது. ஓர்கன் பல பத்தாண்டுகள் ஊமையாகவும் அரை ஊமையாகவும் கிடந்தது. 1978 நவம்பர் சூறாவளி நம் ஊர்க் கூரைகளைப் பிய்த்தெறிந்ததைப் பார்த்தவர்களுக்கு, 902 மூங்கில் குழாய்கள் ஒரு ஒழுகும் கோயிலில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1973இல் அதைக் கழற்றி, ஜேர்மனியின் பொன் (Bonn) நகரில் உள்ள கிளைஸ் என்ற பேர்பெற்ற ஓர்கன் பட்டறைக்குத் திருத்த அனுப்பினார்கள். 1975இல் திரும்பி வந்தது. அதே காலத்தில் கோயிலையும் பழைய வடிவத்துக்குப் புதுப்பித்தார்கள். 1976 தொடக்கம் ஆண்டுதோறும் அங்கே ஓர் இசை விழா நடக்கிறது. 2003இல் பிலிப்பைன்ஸ் அதைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. உலோகமும் மரமும் தகடுமாக ஐரோப்பா அனுப்பிய எத்தனையோ வாத்தியங்கள் வெப்பமண்டலத்தில் செத்திருக்க, பக்கத்துக் காட்டு மூங்கில் இன்றும் பாடுகிறது.

வெக்கை நாட்டில் ஓர்கனுக்கு எதிரிகள் யார் என்று எனக்கு நேரில் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது புளியந்தீவில் எங்கள் கோயிலில் காலால் துருத்தி மிதித்து வாசிக்கும் கால் ஓர்கன் ஒன்று இருந்தது. அது குழாய் ஓர்கன் அல்ல, அதன் ஏழைத் தம்பி. குழாயே இல்லாமல், பித்தளை நாக்குகள் மட்டும். இந்தச் சாதியில் ஆர்மோனியம் என்ற பெயரோடு ஒன்றைப் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1840களில் பதிவு செய்தார். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் புளியந்தீவில் வந்து இறங்கியபோது அது பிறக்கவே இல்லை. அவர் சபையார் வெறும் குரலில்தான் பாடியிருக்க வேண்டும். பிறகு, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றலாம் என்பதால், குழாய் ஓர்கனுக்கு வசதியில்லாத கோயில்களுக்கெல்லாம் கால் ஓர்கன் போய்ச் சேர்ந்தது. 1875இல் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கால் மிதியை எடுத்துவிட்டுக் கையால் துருத்தி அடிக்கும் வடிவம் செய்தார். நம் கூத்துக்காரர்களின் ஆர்மோனியப் பெட்டி அந்த வழியில் வந்தது.

ஒரு டிசம்பர் மாதம், அடக்கப் பூசை. வாடைக்காற்றும் விடாத மழையும். காணிக்கைப் பாட்டு முடிந்தது, வாசித்த அக்கா விரல்களை எடுத்துவிட்டார். ஒரு சுரம் மட்டும் நிற்கவில்லை. யாரும் தொடாமல், ஓர்கன் தானாகவே ஒற்றைச் சுரத்தை நீட்டிக்கொண்டிருந்தது. கோயிலில் எல்லோரும் பெட்டியில் கிடந்த பெரியவரைப் பார்த்தார்கள். அக்கா பதறிப்போய் மிதிப்பதை நிறுத்தினார். அப்போதும் உடனே நிற்கவில்லை. துருத்தி தளரும் வரை மெலிந்து மெலிந்து, தூரத்தில் கன்றைத் தேடும் பசு போல ஒலித்து ஓய்ந்தது. என் அம்மம்மா பல ஆண்டுகள் அதை வேறுவிதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பறங்கியர் தெருவிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். தச்சு வேலையும் செய்வார், வயலினும் வாசிப்பார். பின்பலகையைக் கழற்றினார். நான் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பித்தளை நாக்குகள் வரிசை வரிசையாக, பெரியதிலிருந்து நகக்கண் அளவு வரை. இரண்டுக்கு நடுவில் குளவி கட்டிய மண் கூடு. துருத்தித் துணியில் கரப்பான் தின்ற ஓட்டைகள். அடியில் கறையான் புற்றின் தொடக்கம். எப்படியோ உள்ளே விழுந்த சதுர ஐந்து சதக் காசு ஒன்று. நிற்காமல் பாடிய கட்டையை அவர் விரலால் அசைத்துக் காட்டினார். மழையில் மரம் பருத்து, பக்கத்துக் கட்டையோடு இறுகி, அமுங்கியபடியே நின்றிருந்தது. "மரத்துக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத்தானே செய்யும், தம்பி" என்று சொல்லிவிட்டு, ஓரத்தைச் சீவி, மெழுகு தடவினார். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தபோது அதே கட்டை காய்ந்து சுருங்கிக் கடகடவென்று ஆடியது. நனைந்து பருப்பதும் காய்ந்து வெடிப்பதுமாக ஆண்டுக்கு ஆண்டு நடந்தால், எந்த ஒட்டும் எவ்வளவு காலம் தாங்கும்?

குழாய் ஓர்கனுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை இருக்கிறது. வெப்பம் ஏறினால் காற்றில் ஒலி வேகமாக ஓடும். ஒரு பாகைக்கு வினாடிக்கு 0.6 மீற்றர் அளவில். ஒலி வேகமானால் குழாயின் சுருதி ஏறும். நம் ஊரில் விடிகாலை 25 பாகை, நடுப்பகலில் 33 பாகை என்று வைத்துக்கொண்டால், முதல் பூசையில் இருந்த சுருதிக்கும் மத்தியானத்துக்கும் இடையில் அரைச் சுரத்தின் கால்பங்கு வித்தியாசம் வந்துவிடும். போத்தல் சாதிக் குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஏறுவதால் அது மட்டும் காதைக் குத்தாது. ஆனால் பித்தளை நாக்கு வைத்த எக்காளங்கள் அவ்வளவாக அசைவதில்லை. நாக்குத்தான் அவற்றின் சுருதியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே காலையில் ஒற்றுமையாக இருந்த இரு சாதியும் மத்தியானம் சண்டை பிடிக்கும்.

எங்கள் கோயிலின் கால் ஓர்கன் எந்த ஆண்டு வெளியே போனது என்று யாருக்கும் நினைவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏடு, குழாய் ஓர்கனை உயர்வாக மதிக்கவேண்டும் என்று சொன்னது. அதே பத்தியில், தகுதியான பிற வாத்தியங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. நம் ஊரில் இரண்டாவது பாதி மட்டும் காதில் விழுந்தது. எனக்கு அதில் குறையில்லை. மிருதங்கத்தோடு தமிழில் பாடியபோதுதான் அம்மம்மா முதன்முறை வாய்விட்டுப் பாடினார். கால் ஓர்கன் பூசைப் பொருள்கள் வைக்கும் அறையின் பின்புறம் போய், பிறகு விறாந்தைக்குப் போய், அதன் பிறகு கறையானுக்குப் போனது. வாசித்துக்கொண்டிருந்தவரை அதைத் திறந்து பார்க்க ஒருவர் வந்தார். வாசிப்பதை நிறுத்தியதும் அவரும் வரவில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, மருமகன் ஹார்ட்வெயார் கடையிலிருந்து முக்கால் அங்குல பிவிசி குழாய் ஒன்று வாங்கித் தரச் சொன்னான். ஒரு முனையை மூடிய குழாயில், 33 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி வாயின் குறுக்கே ஊதினால், ஆர்மோனியத்தின் நடுச் சுரத்துக்கு ஏறத்தாழ வந்து நிற்கும். பாதிக்கு வெட்டினால் அதற்கு மேல் ஸ்தாயி. நடுவில் உள்ளவற்றை அவனே ஊதி, அறுத்து, மறுபடி ஊதிக் கண்டுபிடித்தான். மூன்றைப் பிழையாக அறுத்தான். எட்டுக் குழாய் தேறியதும் தும்புக் கயிற்றால் வரிசையாகக் கட்டி, விறாந்தைத் தூணில் தொங்கவிட்டான். கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியை வைத்துக்கொண்டு காலையிலும் மத்தியானத்திலும் ஊதி, முள் நகர்வதைக் கொப்பியில் எழுதினான். வெயில் ஏற ஏற முள்ளும் ஏறியது. தான் கண்டுபிடித்தது போல இரண்டு நாள் வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

அடுத்த கிழமை நான் போனபோது, நாலாவது குழாய் பேசவில்லை என்றான். மூச்சுப் பிடித்து ஊதினாலும் "ஸ்" என்று மட்டும் வந்தது. கழற்றி, கவிழ்த்து, தூணில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஈரம் காயாத ஒரு மண் உருண்டை கீழே விழுந்தது. குளவி விறாந்தைக் கூரையைச் சுற்றிப் பறந்துகொண்டே இருந்தது, இடம் மாறவில்லை.